உடலுக்குள் போய்ச் சேரும் மீயொலியை எப்படி அளக்கிறார்கள்?

தோள் வலிக்கோ முழங்கால் வலிக்கோ பிசியோதெரபிக்குப் போனவர்கள் அந்தக் கருவியைப் பார்த்திருப்பார்கள். தோலில் ஜெல் தடவி, அதன் மேல் ஒரு சின்ன உலோகத் தலையை வட்ட வட்டமாக நகர்த்துவார்கள். கருவியின் திரையில் சதுர செ.மீ.க்கு (ச.செ.மீ.) 1.5 வாட் என்பதுபோல ஓர் எண் இருக்கும். அது உலோகத் தலையை விட்டு வெளியே கிளம்பும் மீயொலியின் (அல்ட்ராசவுண்டின்) அளவு. வலி இருக்கும் இடத்தில், தோலுக்குக் கீழே 3 செ.மீ. ஆழத்தில், அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அந்தத் திரை சொல்வதில்லை.

பிசியோதெரபியில் இந்த வித்தியாசத்தால் பெரும்பாலும் பெரிய கெடுதல் வருவதில்லை. ஆனால் இதே மீயொலியைக் குவித்துக் கர்ப்பப்பை நார்க்கட்டிகளைச் சுட்டு அழிக்கிறார்கள். மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையின் நடுவில் ஒரு சின்னப் புள்ளியைச் சூடாக்கிக் கைநடுக்கத்தை நிறுத்துகிறார்கள். அங்கே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும், ஐந்து டிகிரி கூடக்குறைய ஆனாலும் விளைவே மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 'எவ்வளவு போய்ச் சேர்ந்தது' என்ற கேள்விக்கு எப்படிப் பதில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை நடக்கும் மனித உடலுக்குள் மீயொலியின் செறிவை நேரடியாக அளக்கும் கருவி வழக்கத்தில் இல்லை. வெளியே தண்ணீரில் அளக்கிறார்கள், உடலுக்குக் கணக்குப் போடுகிறார்கள், பிறகு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்து அந்தக் கணக்கைத் திருத்துகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அளவீடு. மூன்றில் ஒன்றை மட்டும் நம்பினால் தப்பாகிவிடும்.

செறிவு என்றால் என்ன?

நம் காதுக்குக் கேட்கும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு முடிகிறது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் மீயொலி. மருத்துவத்தில் பயன்படுவது பெரும்பாலும் மெகாஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது ஒரு நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகள் என்ற அளவில் இருக்கும். மென்மையான திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன அலை என்பதால்தான் அதைச் சின்ன இடத்தில் குவிக்க முடிகிறது.

ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பது திறன்; அதை வாட்டில் சொல்கிறோம். அந்தத் திறன் எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது செறிவு. ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை வாட் என்பதே அதன் அலகு. இனிச் செறிவை வெறும் வாட் என்று சொன்னாலும் ச.செ.மீ.க்கு அத்தனை வாட் என்றே பொருள். உச்சி வெயிலில் நம் தோலில் விழுவது ச.செ.மீ.க்குச் சுமார் 0.1 வாட். வயிற்று ஸ்கேன் போன்ற பரிசோதனைக் கருவிகளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வைத்திருக்கும் உச்ச வரம்பு, நேரச் சராசரியாகப் பார்த்தால், 0.72 வாட். பிசியோதெரபிக் கருவிகள் 3 வாட் வரை போகும். கட்டியைச் சுடும் சிகிச்சையில் குவியப் புள்ளியில் இருக்கும் செறிவு ஆயிரம் வாட், சில சமயம் பல ஆயிரம் வாட்.

இதில் 'நேரச் சராசரி' என்ற சொல்லை லேசாகத் தாண்டிப் போகக் கூடாது. ஸ்கேன் கருவி விட்டு விட்டுத் துடிப்புகளாக அனுப்புகிறது. ஒரு துடிப்பின் உச்சத்தில் செறிவு மிக அதிகமாக இருக்கலாம். அடுத்த துடிப்பு வரும்வரை ஒன்றுமே இல்லை. அதேபோல ஒலிக்கற்றையின் நடுவில் இருக்கும் அளவுக்கு அதன் ஓரத்தில் செறிவு இருக்காது. ஆகவே செறிவு என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது இடத்தின் உச்சமா சராசரியா, நேரத்தின் உச்சமா சராசரியா என்று கேட்டாக வேண்டும். இந்த இரண்டையும் சொல்லாத எண்ணுக்கு மதிப்பு இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

10 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டமான டிரான்ஸ்டியூசரை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தை ஒலியாக மாற்றும் தகடு அது. கிண்ணத்தின் உட்புறம்போலக் குழிந்திருப்பதால் அதிலிருந்து கிளம்பும் ஒலியெல்லாம் ஓர் இடத்தில் போய்க் குவியும். 1 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் ஒலித்திறனை அது வெளியே அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் பரப்பு சுமார் 78 ச.செ.மீ. ஆகத் தகட்டின் முகத்தில் செறிவு வெறும் 1.3 வாட். பிசியோதெரபி அளவுதான். அதனால்தான் தோல் சுடுவதில்லை.

இப்போது அது 10 செ.மீ. ஆழத்துக்குப் போக வேண்டும். வழியில் திசு கொஞ்சம் கொஞ்சமாக ஒலியை விழுங்குகிறது, கொஞ்சத்தைச் சிதறடிக்கிறது. மென்திசுவுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் அரை டெசிபல் இழப்பு. (டெசிபல் என்பது விகிதக் கணக்கு; 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.) 10 செ.மீ.க்கு 5 டெசிபல். அதாவது கிளம்பிய 100 வாட்டில் 32 வாட்தான் போய்ச் சேரும். இதே ஆழத்துக்கு 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் இழப்பு 15 டெசிபல். மிஞ்சுவது 3 வாட். ஆழமான இடத்துக்கு 1 மெகாஹெர்ட்ஸும் தோலுக்கு அருகே 3 மெகாஹெர்ட்ஸும் என்று பிசியோதெரபிஸ்டுகள் பிரித்துப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அந்த 32 வாட்டும் 2 மி.மீ. அகலமுள்ள ஒரு புள்ளியில் விழுந்தால்? புள்ளியின் பரப்பு ச.செ.மீ.யில் நூற்றில் மூன்று பங்கு. செறிவு 1000 வாட்டைத் தொடுகிறது. உண்மையில் எல்லாமே அந்தப் புள்ளிக்குள் விழாது, கொஞ்சம் சுற்றிலும் சிந்தும். என்றாலும் கணக்கின் பருமன் இதுதான். இந்தச் செறிவில் திசு முதல் நொடியில் சுமார் 30 டிகிரி சூடேறும். 37 டிகிரியில் இருந்த இடம் ஒரே நொடியில் 65 டிகிரியை நெருங்கிவிடும். சூடாகும் பகுதி நீளமான ஓர் அரிசி மணி அளவு.

இப்போது கணக்கின் பலவீனத்தைப் பாருங்கள். அரை டெசிபல் என்பது ஒரு சராசரி. இந்த நோயாளியின் வயிற்றுச் சுவரில் அது 0.3 ஆகவும் இருக்கலாம், 0.7 ஆகவும் இருக்கலாம். 0.3 என்றால் 50 வாட் போய்ச் சேரும், 0.7 என்றால் 20 வாட். ஒரே கருவி, ஒரே அமைப்பு, ஒரே ஆழம். குவியத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். இந்த ஒரு பத்தியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால்கூடப் போதும், மீதிக் கட்டுரை எதற்காக என்று புரிந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டியில் நடப்பது

கருவியிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று தெரியாமல் உடலுக்குள் என்ன ஆகிறது என்று பேச முடியாது. அதனால் எல்லாமே ஒரு தண்ணீர்த் தொட்டியில் தொடங்குகிறது. தண்ணீரில் ஒலியின் வேகம் திசுவுக்கு அருகில் இருக்கிறது. ஒலியைத் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் விழுங்குகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலியின் அழுத்தத்தில் குமிழிகள் தோன்றி அளவீட்டையே கெடுத்துவிடும்.

மொத்தத் திறனை அளக்க ஒரு தராசு போதும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஒலி எதன் மேல் விழுகிறதோ அதை மெல்லத் தள்ளுகிறது. ஒலியை முழுக்க விழுங்கும் ஒரு தட்டைத் தண்ணீரில் தொங்கவிட்டு, அதன் மேல் மீயொலியைச் செலுத்தி, தட்டு எவ்வளவு தள்ளப்படுகிறது என்று நுண்தராசில் பார்க்கிறார்கள். திறனை ஒலியின் வேகத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தத் தள்ளுவிசை. ஒரு வாட்டுக்குச் சுமார் 69 மில்லிகிராம் எடை. நல்ல நுண்தராசுக்கு இது சர்வசாதாரணமான எடை. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், இங்கிலாந்தில் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபி போன்ற இடங்களில் மீயொலித் திறனின் அளவுத்தரம் இந்தத் தத்துவத்தை வைத்துத்தான் நிற்கிறது.

தராசு மொத்தத்தைச் சொல்லும். எங்கே எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஹைட்ரோபோன். தண்ணீருக்குள் இயங்கும் மிக நுண்ணிய மைக் என்று சொல்லலாம். அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் ஒருவகைப் பிளாஸ்டிக் படலம் அதில் இருக்கிறது. உணரும் பகுதி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அலையின் நீளத்தைவிட அது சிறியதாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் உச்சங்களையும் தாழ்வுகளையும் கலந்து சராசரியாக்கிவிடும். இந்த ஹைட்ரோபோனை ஒரு இயந்திரக் கை மி.மீ.யின் பத்தில் ஒரு பங்காக நகர்த்திக்கொண்டே போய், குவியத்தைச் சுற்றி ஒரு முழு வரைபடம் எடுக்கிறது.

ஹைட்ரோபோன் அளப்பது அழுத்தத்தை. செறிவு என்பது அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 1 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்குச் சுமார் 30 வாட் செறிவு; 10 மெகாபாஸ்கலுக்கு 3000 வாட். அழுத்தத்தை அளப்பதில் நூற்றுக்குப் பத்து பிழை வந்தால் செறிவில் அது இருபதாகிவிடும். நாம் மேலே பார்த்த 1000 வாட் குவியத்தில் அழுத்தம் ஐந்தரை மெகாபாஸ்கலுக்கு மேல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐம்பது மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தம் ஒரு நொடியில் பத்து லட்சம் முறை அமுக்கி, பத்து லட்சம் முறை இழுக்கிறது.

இங்கேதான் சிக்கல். இந்த அளவு அழுத்தத்தில் மென்மையான ஹைட்ரோபோன் உடைந்துவிடும். அதன் மேல் குமிழிகள் உருவாகி வெடிக்கும். ஆகவே பெரும்பாலும் குறைந்த திறனில் அளந்து, அதிகத் திறனுக்குக் கணக்குப் போட்டு நீட்டுகிறார்கள். ஆனால் அதிக அழுத்தத்தில் ஒலி அப்படி நேர்க்கோட்டில் நடந்துகொள்வதில்லை. அலையின் அமுங்கிய பகுதி வேகமாகவும் விரிந்த பகுதி மெதுவாகவும் போவதால், அலை வடிவம் ஒரு பக்கமாகச் செங்குத்தாகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் கிளம்பிய ஆற்றலில் ஒரு பங்கு 2, 3, 4 மெகாஹெர்ட்ஸுக்கு இடம் மாறுகிறது. அதிர்வெண் கூடினால் திசு அதிகம் விழுங்கும் என்று பார்த்தோம் அல்லவா? ஆகக் குவியத்தில் சூடு நேர்க்கணக்கு சொன்னதைவிட அதிகமாகிவிடும். இதற்காகவே கண்ணாடி இழையின் நுனியில் லேசர் ஒளி எதிரொளிப்பதை வைத்து அழுத்தத்தைக் காட்டும் ஒளியிழை ஹைட்ரோபோன்களைப் பயன்படுத்துகிறார்கள். அவை அதிக அழுத்தத்தைத் தாங்கும். நுனி உடைந்தாலும் வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

உயர்செறிவுச் சிகிச்சைக் கருவிகளுக்கென்றே ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் தனி ஆவணங்கள் வைத்திருக்கிறது. திறனை அளக்க 62555, ஒலிப்புலத்தை விவரிக்க 62556. இந்தத் துறைக்குள் வர நினைக்கும் மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டியவை.

தண்ணீரிலிருந்து உடலுக்கு

தண்ணீரில் கிடைத்த எண்ணை உடலுக்கு மாற்ற எளிய வழி, திசு விழுங்குவதைக் கழித்துவிடுவது. பரிசோதனை ஸ்கேன்களுக்கு எஃப்டிஏ பயன்படுத்தும் கழிவு செ.மீ.க்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 0.3 டெசிபல். இது உண்மையான சராசரியைவிடக் குறைவு. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். குறைவாகக் கழித்தால் உள்ளே அதிகம் போய்ச் சேர்வதாகக் கணக்கு வரும். அந்தக் கணக்கே வரம்புக்குள் இருந்தால் உண்மையில் இன்னும் பாதுகாப்பாக இருக்கும். கருவில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் செய்யும்போது இது சரியான சிந்தனை.

சிகிச்சைக்கு இந்தச் சிந்தனை ஒத்துவராது. அங்கே அதிகம் போனாலும் தப்பு, குறைவாகப் போனாலும் தப்பு. குறைவாகப் போனால் கட்டியின் ஓரம் சாகாமல் மிஞ்சும். புற்றுநோய் என்றால் மிஞ்சியது திரும்ப வளரும். பாதுகாப்புக்காக எழுதிய விதியைச் சிகிச்சைக்கு அப்படியே எடுத்து ஒட்டுவதை இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்கிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விழுங்குவது மட்டுமா? கொழுப்பில் ஒலியின் வேகம் குறைவு, தசையில் அதிகம். இரண்டும் சேரும் இடத்தில் கற்றை சற்று வளைகிறது. கொழுப்புப் படலம் மேடும் பள்ளமுமாக இருந்தால் குவியம் மங்கலாகிறது. மங்கினால் மொத்தத் திறன் அப்படியே இருந்தாலும் உச்சச் செறிவு விழுந்துவிடும். கல்லீரலுக்குப் போகும் வழியில் விலா எலும்பு குறுக்கே நிற்கும். குடலில் காற்று இருந்தால் ஒலி அங்கேயே திருப்பி அடிக்கப்படும். மூச்சு விடும்போது கல்லீரலே மேலும் கீழும் நகர்கிறது. தண்ணீர்த் தொட்டியில் இவை எதுவும் கிடையாது. இடையில் ஒரு படியாக, திசுவைப்போல ஒலியை விழுங்கும் ஜெல் உருவங்களைச் செய்து சோதிக்கிறார்கள். புரதம் கலந்த சில ஜெல்கள் சூடானதும் வெளுத்துவிடும். குவியம் எங்கே விழுந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, உடலுக்குள்ளேயே ஓர் உணரியை நுழைத்தால் என்ன? விலங்குகளில் செய்திருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை சகோதரர்கள் வெப்பநிலையைக் காட்டும் மெல்லிய வெப்ப இரட்டைக் கம்பிகளைத் திசுவுக்குள் பதித்து, ஒலி பட்டவுடன் சூடு ஏறும் வேகத்தை வைத்து ஒலியின் அளவைக் கணித்தார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பிக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் இடையே ஏற்படும் உராய்வே கொஞ்சம் சூட்டைத் தரும். அதைப் பிரித்துக் கழித்தாக வேண்டும். மனிதர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது. கத்தியில்லாமல் செய்வதுதான் இந்தச் சிகிச்சையின் பெருமை. அளப்பதற்காக ஊசி குத்துவது அந்தப் பெருமையையே எடுத்துவிடும்.

உடல் தரும் பதில்கள்

ஊசி இல்லாமல் உள்ளே நடப்பதை அறிய மூன்று வழிகள் உண்டு: சூடு, தள்ளல், குமிழிச் சத்தம்.

சூடுதான் அதிகம் பயன்படுவது. அதைப் பார்ப்பது எம்ஆர்ஐ. உடலிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழல்கின்றன. சூடு ஏறினால் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு தளர்ந்து, அந்த அதிர்வெண் துளி குறைகிறது. ஒரு டிகிரிக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு. 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் கொண்ட எம்ஆர்ஐயில் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். ஒரு டிகிரிக்கு மாறுவது 1.3 ஹெர்ட்ஸ் மட்டும். இவ்வளவு சின்ன மாற்றத்தை எம்ஆர்ஐ பிடித்து, சில நொடிகளுக்கு ஒரு முறை ஒரு வெப்ப வரைபடமாகத் திரையில் போடுகிறது. ஒரு டிகிரி அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். மருத்துவ இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த சாதனை இது.

இதற்கும் குறைகள் உண்டு. கொழுப்பில் இந்த முறை வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே அப்படிப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. இது காட்டுவது வெப்பநிலை மாற்றத்தை. தொடக்க வெப்பநிலையை 37 என்று நாம்தான் வைத்துக்கொள்கிறோம். நோயாளி அசைந்தால் படம் ஏமாற்றும்.

சூட்டிலிருந்து செறிவுக்குத் திரும்பிப் போக முடியுமா? கொள்கை அளவில் முடியும். ஒலி பட்ட முதல் கணத்தில் சூடு ஏறும் வேகம், அங்கே இருக்கும் செறிவையும் திசு விழுங்கும் தன்மையையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கொஞ்ச நேரம் போனால் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவத் தொடங்கும், இரத்தம் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும், அந்த எளிய உறவு கலைந்துவிடும். 2 மி.மீ. அகலக் குவியத்தில் அந்தப் பரவல் ஒன்றிரண்டு நொடிகளிலேயே கணக்கைக் கலைத்துவிடுகிறது. எம்ஆர்ஐ ஒரு படம் எடுக்கவே அதற்கு மேல் ஆகிறது. ஆகவே படங்களின் வரிசையைக் கணினியில் ஒரு வெப்பப் பரவல் மாதிரியோடு பொருத்தித்தான் பின்னோக்கிக் கணிக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் திசு எவ்வளவு விழுங்குகிறது என்ற எண் தெரிந்தாக வேண்டும்.

மருத்துவர்கள் இந்தக் கடைசிப் படியை நடைமுறையில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தேவை திசு செத்ததா இல்லையா என்பது. அதற்கு 1984இல் சபரெட்டோ, டீவி என்ற இருவர் முன்வைத்த வெப்ப அளவுக் கணக்கு உதவுகிறது. 43 டிகிரியில் இத்தனை நிமிடம் இருந்ததற்குச் சமம் என்று எல்லாச் சூட்டையும் ஓர் அலகுக்கு மாற்றுகிறார்கள். 43க்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் தேவைப்படும் நேரம் பாதியாகும். 43 டிகிரியில் 240 நிமிடம் என்பதைத் திசு அழிவதற்கான எல்லையாகப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அதே அழிவு 57 டிகிரியில் ஒரே நொடியில் முடிந்துவிடும். பதினான்கு டிகிரி தூரத்தில் நான்கு மணி நேரம் ஒரு நொடியாகச் சுருங்குகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால், சில டிகிரி தவறினால் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எம்ஆர்ஐ இல்லாமல், சாதாரண மீயொலிப் படத்தைப் பார்த்துக்கொண்டே சிகிச்சை தரும் கருவிகளும் இருக்கின்றன. சீனாவின் சோங்சிங்கில் உருவானவை இவற்றில் பெயர்பெற்றவை. சூடேறிய இடம் படத்தில் பளிச்சென்று வெளுக்கும்போது அதை அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் அந்த வெளுப்பு பெரும்பாலும் குமிழிகளால் வருவது. அது வெப்பமானி ஆகாது.

அடுத்தது தள்ளல். தராசுத் தட்டைத் தள்ளிய அதே விசை உடலுக்குள் திசுவையும் தள்ளுகிறது, மைக்ரான் கணக்கில். சில மில்லிநொடிகள் மட்டும் ஒலியை அனுப்பி, அந்த நேரத்தில் திசு எவ்வளவு நகர்ந்தது என்று எம்ஆர்ஐயால் படம் எடுக்க முடியும். 1000 வாட் செறிவில் பத்து மில்லிநொடி அனுப்பினால் சூடு 0.3 டிகிரிதான் ஏறும். ஆகத் திசுவைச் சுடாமலேயே குவியம் எங்கே விழுகிறது, எவ்வளவு வலுவாக விழுகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். நகர்வு செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வழியில் எவ்வளவு இழப்பு என்பதையும் ஒப்பிட்டு அறியலாம். திசு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தும் நகர்வு மாறும் என்பதுதான் இதில் உள்ள பிரச்சினை.

மூன்றாவது குமிழிகள். ஒலி இழுக்கும் பாதியில் அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் திரவத்தில் குமிழிகள் பிறக்கும்; பிறந்தவை விரிந்து சுருங்கிச் சில சமயம் வெடிக்கும். அப்போது அவை தமக்கென்று ஒரு சத்தம் எழுப்பும். அமைதியாக விரிந்து சுருங்கும் குமிழிகளிலிருந்து, அனுப்பிய அதிர்வெண்ணின் பாதி, ஒன்றரை மடங்கு போன்ற தனித்தனி ஒலிகள் வரும். வெடிக்கும் குமிழிகளிலிருந்து எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல் வரும். இரத்தத்தில் நுண்குமிழிகளை ஊசி வழியே செலுத்தி, இரத்தத்தில் இருப்பவை எளிதில் மூளைக்குள் போகாமல் காக்கும் தடுப்பைச் சற்று நேரம் திறந்து மருந்தை உள்ளே அனுப்பும் முயற்சிகளில், டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனை முன்னணியில் இருக்கிறது. அங்கே சூடு வேண்டாம். அதனால் வெப்பப் படம் ஒன்றும் சொல்லாது. குமிழியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கருவி தன் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. முதல் வகைச் சத்தம் வந்தால் சரி. இரைச்சல் வந்தால் உடனே குறைக்க வேண்டும்.

மண்டையோடு என்ற பெரிய தடை

ஃப்ரை சகோதரர்கள் 1950களிலேயே ரஸ்ஸல் மேயர்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் மீயொலிச் சிகிச்சை செய்தார்கள். ஆனால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத்தான். எலும்பு வழியாக என்ன போய்ச் சேரும் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இன்றைய மூளைச் சிகிச்சைக் கருவி ஒன்று 650 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம் ஒன்றரை மைக்ரோநொடி. மண்டையோட்டு எலும்பில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 2800 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், தண்ணீரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஓர் இடத்தில் எலும்பு மற்றோர் இடத்தைவிட 2 மி.மீ. தடிமனாக இருந்தால், அந்த வழியில் வரும் அலை 0.6 மைக்ரோநொடி முன்னதாக வந்துவிடும். அது கிட்டத்தட்ட அரை அதிர்வு. ஒன்று அமுக்கும்போது மற்றொன்று இழுக்கும். இரண்டும் சேர்ந்து வலுப்பதற்குப் பதில் ஒன்றையொன்று அழித்துவிடும். மண்டையோட்டின் தடிமனோ இடத்துக்கு இடம் இதைவிட அதிகமாக மாறுகிறது.

தீர்வு இப்படி வந்தது. தலையைச் சுற்றி அரைக்கோளமாக 1024 சின்னச் சின்ன டிரான்ஸ்டியூசர்கள். நோயாளியின் தலையை முன்பே சிடி ஸ்கேன் எடுத்து, ஒவ்வொன்றின் வழியிலும் எலும்பு எவ்வளவு தடிமன், எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே முன்பின்னாகத் தொடங்க வைக்கிறார்கள், எல்லா அலைகளும் குவியத்துக்கு ஒன்றாக வந்து சேரும்படி. எலும்பின் வெளி அடுக்குக்கும் நடுவில் உள்ள பஞ்சு போன்ற அடுக்குக்கும் இடையிலான அடர்த்தி விகிதத்தையும் பார்க்கிறார்கள். அந்த விகிதம் 0.4ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் ஒலி உள்ளே போவது கடினம். சிலருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். தலைமுடியை மழித்து, தலைக்கும் கருவிக்கும் இடையே குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுகிறார்கள், எலும்பு விழுங்கும் சூட்டில் உச்சந்தலை வெந்துவிடாமல் இருக்க.

காரணம் தெரியாத கைநடுக்க நோய்க்கு இந்தச் சிகிச்சையை எஃப்டிஏ 2016இல் அனுமதித்தது. அது நடக்கும் விதத்தைப் பார்த்தால் அளவீட்டைப் பற்றிய முழுப் பாடமும் அதில் இருக்கிறது. நோயாளி எம்ஆர்ஐக்குள் விழித்தபடியே படுத்திருப்பார். முதலில் குறைந்த திறனில் சில நொடிகள். வெப்பப் படத்தில் 40 டிகிரி சொச்சம் காட்டும் ஒரு புள்ளி தெரிகிறதா, அது குறித்த இடத்தில்தான் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். தள்ளியிருந்தால் திருத்துகிறார்கள். அப்புறம் கொஞ்சம் கூட்டி, 50 டிகிரியை நெருங்குகிறார்கள். அந்தச் சூட்டில் அந்த இடத்து நரம்புகள் தற்காலிகமாக மந்தமாகலாம். நடுக்கம் குறைகிறதா, உதடு மரத்துப் போகிறதா, பேச்சு குழறுகிறதா என்று நோயாளியிடமே கேட்கிறார்கள். காகிதத்தில் சுருள்கோடு வரையச் சொல்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே 55 முதல் 60 டிகிரி வரை கொண்டுபோய் நிரந்தரமாகச் சுடுகிறார்கள்.

ஒரே வெப்பநிலையை எட்ட ஒருவருக்குத் தேவைப்படும் ஆற்றல் இன்னொருவருக்குத் தேவைப்படுவதைப்போலப் பல மடங்காக இருக்கும். மண்டையோடு அப்படி. அதனால் இந்தச் சிகிச்சையில் இத்தனை வாட் என்ற மருந்துச்சீட்டை எழுதிக் கொடுக்கவே முடியாது. ஒவ்வொருவருக்கும் படிப்படியாக ஏறித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதில் கிடைக்காத இடங்களில்

இதுவரை சொன்ன முறைகள் எல்லாம் உடல் ஏதாவது பதில் சொல்வதை நம்பியிருக்கின்றன. இப்போது வேகமாக வளரும் ஒரு துறையில் அந்தப் பதிலே கிடைப்பதில்லை. மிகக் குறைந்த செறிவில் மூளைக்கு மீயொலியை அனுப்பி, நரம்புகளின் செயல்பாட்டை மட்டும் சற்று மாற்றும் முயற்சி அது. மனச்சோர்வு, வலி, அடிமைப் பழக்கம் என்று பலவற்றுக்குச் சோதித்து வருகிறார்கள். சூடு வேண்டுமென்றே தவிர்க்கப்படுகிறது, குமிழிகளும் கூடாது, தள்ளல் மிகச் சிறியது. பல ஆய்வகங்களில் எம்ஆர்ஐ வசதியோடு செய்வதும் இல்லை.

அங்கே மிஞ்சுவது தண்ணீர்த் தொட்டியில் எடுத்த அளவும் கணினி மாதிரியும்தான். அதனால் இத்துறை ஆய்வாளர்கள் ஐட்ரஸ்ட் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து, முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று பொதுவான நெறிகளை வகுத்திருக்கிறார்கள். தண்ணீரில் அளந்த அழுத்தம் எவ்வளவு, எந்த ஹைட்ரோபோனால் அளந்தது, மண்டையோட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று கணித்தது, எந்த முறையில் கணித்தது ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மீயொலி ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவதும் இதைத்தான். கொடுத்திருக்கும் செறிவு தண்ணீரில் கிடைத்ததா, உடலுக்குள் இருக்கும் என்று கணித்ததா? அது எழுதப்பட்டிருந்தால் இன்னொரு ஆய்வகம் அதே அளவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க முடியும்.